உங்க காதோட இருக்கட்டும்

“அக்கா, உங்களை என் கூடப் பிறந்தவங்களா நினைச்சுச் சொல்றேன். திங்கட்கிழமையிலேர்ந்து விலை ஏறுது. உள்ள இருக்கிற ஆள் சொன்னது. வெளியில யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, உங்க காதோட இருக்கட்டும்.”

லெய் குவாங்மிங் தொலைபேசியில் இப்படிக் குழைந்துகொண்டே இன்னொரு கையால் கணினியில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தான். செங்டு நகரத்தில் சமையலறைப் புகைபோக்கி விற்கும் உத்தியோகம் அவனுக்கு. மிளகாயை எண்ணெயில் பொரிக்காமல் ஒரு வேளைச் சமையலும் முடியாத ஊர் அது, வியாபாரத்துக்குக் குறைவில்லை. விலை என்னவோ திங்கட்கிழமை ஏறாது. அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஏறப்போகிற விலை அது.

பக்கத்து மேசையிலிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். “லெய் அண்ணே, நீங்க போன வாரம் எடுத்தீங்களே, அந்த கரன்ட் கார்… இன்னிக்குக் காலைல விலையைக் குறைச்சுட்டாங்களாம், பார்த்தீங்களா?”

“எவ்வளவு?”

“முப்பதாயிரம் யுவான்.”

லெய் கைபேசியைப் பார்த்தான். அதே கார், அதே வெள்ளை நிறம், அதே சக்கரம். விலை மட்டும் வேறு. அவன் கார் இருக்கைகளில் பாலித்தீன் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

“தம்பி? லைன்ல இருக்கீங்களா? விலை கண்டிப்பா ஏறுமா?” என்றது தொலைபேசிக் குரல்.

“ஏறாது! எதுவும் ஏறாது! எல்லாம் இறங்கும், நாசமாப் போகும்!” என்று கத்திவிட்டு ரிசீவரை அறைந்து வைத்தான் லெய். புகைபோக்கி வியாபாரத்தில் அன்றுதான் அவன் முதல் தடவையாக உண்மை பேசினான்.

முப்பதாயிரம் போனதுகூடப் பெரிதில்லை. போனது அவன் பணமில்லை என்பதுதான் பெரிது. காருக்கான பணத்தில் பாதி, மாமியார் சௌ அம்மாளின் வங்கி வைப்பு. செங்டுவின் குளிர்காலம் ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டது மாதிரி இருக்கும். மாமியாருக்கு மார்கழி தொடங்கினால் தை முடியும் வரை இருமல். தெற்கே ஹைனான் தீவில், கடலோரத்தில், தங்கைகளோடு ஒரு குளிர்காலத்தையாவது இருமாமல் கழிக்க வேண்டுமென்று அந்த அம்மாள் சேர்த்து வைத்த பணம். “பெட்ரோல் செலவு மிச்சமாகுதில்ல அத்தை, அதுல அடுத்த வருஷமே உங்களை அனுப்பறேன்” என்று சொல்லி வாங்கியிருந்தான்.

மாமியாருக்கு மருமகனைப் பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. மருமகனின் பேச்சைத்தான் பிடிக்காது. “நீங்க வெயில் அடிக்குதுன்னு சொன்னா நான் குடையை எடுத்துக்குவேன் மாப்பிள்ளை” என்பாள் முகத்துக்கு நேராக. அப்படிப்பட்டவள் மனசு இளகியது போன அக்டோபரில், கொதிக்கும் காரக் குழம்புச் சட்டியைச் சுற்றிக் குடும்பத்தோடு உட்கார்ந்து இறைச்சியை முக்கி முக்கித் தின்ற ஒரு சாயங்காலம். என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தான் என்று அவனுக்கே நினைவில்லை. பீர் கொஞ்சம் அதிகம். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னான். மறுநாள் காலையில் அத்தை பணத்தை நீட்டியதோடு நிற்காமல், “சீக்கிரம் வாங்குங்க, சீக்கிரம் வாங்குங்க” என்று நச்சரிக்க ஆரம்பித்ததுதான் அவனுக்கு விளங்காத அதிசயம்.

ஆனால் அவன் அவசரப்படவில்லை. அவன் விற்பனைக்காரன். பொங்குகிற பால் அடங்கும் என்று தெரிந்தவன். வசந்தகாலம் வரை பொறுத்தால் விலை இறங்கும் என்று கணக்குப் போட்டுப் பணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் கணக்கைக் கெடுத்தவர் அவன் மேலாளர் கெங். டிசம்பர் கடைசியில் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, “லெய், அரசாங்க மானியம் வருஷத்தோட முடியுது. ஜனவரில கார் விலை எகிறப்போகுது. உள்ள இருக்கிற ஆள் சொன்னது” என்றார். அன்றைக்கே போய்ப் பணத்தைக் கட்டினான் லெய்.

மனைவி ஜிங்வென் கூப்பிட்டாள். “பார்த்தியா நியூஸை?”

“பார்த்தேன்.”

“அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு.”

“யாரும் சொல்ல வேண்டாம். அத்தை போன்ல சமையல் வீடியோ தவிர என்ன பார்க்கறாங்க? புத்தாண்டு விருந்துக்கு முன்னாடி அந்தப் பணத்தைக் கம்பெனிக்காரன் தொண்டையில கையை விட்டு எடுத்துட்டு வரேன், பார்த்துக்கோ.”

“நீ எடுத்துக் கிழிச்சே. சாயங்காலம் அம்மாவை மாஜோங் காய் வெச்சு ஆடற இடத்துலேர்ந்து கூட்டிட்டு வா. இருமல் ஜாஸ்தியா இருக்கு.”

“அது எங்க இருக்கு?”

“எட்டு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம், அம்மா எங்க போய் ஆடறாங்கன்னு தெரியாதா உனக்கு? அட்ரஸ் அனுப்பறேன், பாரு.”

லெய் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. செங்டுவில் பெண்டாட்டி பேச்சுக்குத் தலையாட்டுகிறவனை ‘இளகின காதுக்காரன்’ என்பார்கள். லெய்யும் அந்த ஜாதிதான். ஆனால் அன்று அவன் காது இரண்டும் கோபத்தில் அடைத்திருந்தன.

தனக்குக் காரை விற்ற பெண்ணுக்குத் தொலைபேசி போட்டான். “உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்” என்று ஒரு இயந்திரம் சொன்னது. நான்காவது முறை சொன்னபோது காரை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்கே கிளம்பினான்.

அங்கே அவனைப் போல ஒரு திருவிழாக் கூட்டம் நின்றது. வாசல் முழுக்க வெள்ளைக் கார்கள். உள்ளே பெரியவர்கள் கத்தினார்கள், பெண்கள் அதைவிட உரக்கக் கத்தினார்கள். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்ட இளம் மேலாளர் ஒருவர் நடுவில் நின்று, “விலையைச் சந்தைதான் தீர்மானிக்குது சார், ஆரஞ்சு எடுத்துக்குங்க” என்று சிரித்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் ஆரஞ்சை எடுத்துத் தின்றார்கள். தின்றது போக மீதியைப் பைக்குள் திணித்தார்கள். நஷ்டத்தில் அவ்வளவாவது தேறட்டும் என்கிற வெறி. தட்டு நிறைய நிறையக் காலியானது.

“யோவ்! போன வாரம் எங்கிட்ட பணம் வாங்கினியே, அப்ப சந்தை தூங்கிட்டிருந்துச்சா?” என்று லெய் போட்ட சத்தத்தில் ஷோரூம் ஒரு கணம் அடங்கிவிட்டது. தினமும் நூறு பேரிடம் பேசிப் பழகிய தொண்டை.

கூட்டத்திலிருந்து குட்டை முடி வைத்த ஒரு பெண் முன்னால் வந்தாள். கழுத்தில் விசில், கையில் பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கி மைக். டெங் லி என்று பெயர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. “நல்ல குரல் அண்ணே உங்களுக்கு. எனக்குத் தொண்டை போயிடுச்சு. இந்தாங்க, நீங்க பேசுங்க” என்று கைமைக்கை அவன் கையில் திணித்தாள்.

மைக் கைக்கு வந்ததும் லெய் தலைவனாகிவிட்டான். “வித்தியாசத்தைத் திருப்பிக் குடு!” என்றான். “திருப்பிக் குடு!” என்றது கூட்டம்.

அப்போது கார் வாங்கலாமென்று ஒரு வயதான தம்பதி உள்ளே நுழைந்தார்கள். “வாங்காதீங்க! அடுத்த மாசம் இன்னும் குறைப்பான்!” என்று மைக்கில் எச்சரித்தான் லெய். கிழவர் முகம் மலர்ந்துபோனது. “நல்லவேளை சொன்னீங்க தம்பி. அப்ப நாங்க பொறுத்தே வாங்கிக்கறோம். உங்களை மாதிரி ஆளுங்க இருக்கறதுனாலதான் எங்களுக்கு லாபம்” என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். லெய்க்கு இன்னும் கொஞ்சம் எரிந்தது.

இளம் மேலாளருக்கு ஒரு விற்பனை போன வருத்தம். சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். விலை ஏறும்னு எங்க கம்பெனி எங்கயாவது சொல்லுச்சா? நீங்க எல்லாரும் ஏன் டிசம்பர்ல விழுந்தடிச்சு வாங்கினீங்க?”

டெங் லிதான் மெல்ல ஆரம்பித்தாள். “எனக்கு… உள்ள இருக்கிற ஆள் சொன்னதா ஒருத்தர் சொன்னாரு.”

“எனக்கும் அப்படித்தான்!” என்றார் ஒருவர்.

“எனக்கும்! வெளில சொல்லாதேன்னு வேற சொன்னாங்க!”

“எங்க அபார்ட்மென்ட்ல மூணு பேர் அதைக் கேட்டுத்தான் வாங்கினோம்!”

ஷோரூம் கொதித்தது. இவ்வளவு நேரம் கம்பெனிமேல் இருந்த கோபம், பாத்திரம் மாற்றின பால் மாதிரி அந்த முகம் தெரியாத ஆள்மேல் போய் விழுந்தது. இளம் மேலாளர் கெட்டிக்காரர், சந்தர்ப்பத்தைப் பிடித்துக்கொண்டார். “அந்த வதந்தியைக் கிளப்பினவர் யாருன்னு கொண்டு வாங்க. அவர் வாயால சொல்லட்டும். நான் தலைமை அலுவலகத்துக்கு எழுதறேன், உங்களுக்கு ஏதாவது செய்யச் சொல்லி.” கூட்டம் வெளியே போனால் போதும் அவருக்கு.

லெய் மைக்கை உயர்த்தினான். “எல்லாரும் கேட்டுக்குங்க! அந்த அயோக்கியன் எவனா இருந்தாலும் சரி, அவனைக் கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, இதே இடத்துல, இதே மைக்குல, ‘நான்தான் சொன்னேன்’னு சொல்ல வெக்கலைன்னா என் பேரு லெய் இல்ல!”

கைதட்டல் கூரையைத் தொட்டது. எட்டு வருடமாக மாமியார் வீட்டுக் கூரையின் கீழ் அவனுக்குக் கிடைக்காத கைதட்டல்.

“சரி அண்ணே, உங்களுக்கு யார் சொன்னாங்க?” என்றாள் டெங் லி.

லெய் மைக்கை இறக்கினான். “எனக்கா? எனக்கு… எங்க மேனேஜர்.”

“நடங்க உங்க ஆபீசுக்கு.”

அவள் ஒருத்தியை மட்டும் கூட்டிக்கொண்டு போய் நாசூக்காகக் கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் அவன் நினைத்தான். திரும்பிப் பார்த்தால் பின்னால் முப்பது வெள்ளைக் கார்கள். கல்யாண ஊர்வலமோ என்று தெருவில் நின்றவர்கள் கையசைத்தார்கள்.

மேலாளர் கெங் காலையிலிருந்து கூட்டத்தில் மாட்டிக்கொண்டு அப்போதுதான் தன் அறைக்கு வந்து தேநீர்க் குடுவையைத் திறந்திருந்தார். கதவு வழியாக முப்பது பேர் நுழைந்ததும், புகைபோக்கி சரியில்லை என்று சண்டைக்கு வந்தவர்கள் என்றே நினைத்துவிட்டார்.

“பழுது எதுவா இருந்தாலும் உத்தரவாதம் முடிஞ்சு போச்சுங்க” என்றார் எடுத்த எடுப்பிலே.

“சார், அது இல்ல. கார் விலை ஏறும்னு சொன்னீங்களே…” என்று லெய் இழுத்தான்.

“ஆமா, அந்தக் கம்பெனி நிதி அதிகாரியோட சம்சாரம், அவங்க வாயாலயே சொன்னது. அந்தப் பேச்சை நம்பித்தான் நான் ரெண்டு கார் எடுத்தேன், எனக்கு ஒண்ணு, என் பையன் கல்யாணத்துக்கு ஒண்ணு. இப்ப ஏறியிருக்குமே?”

டெங் லி கைபேசியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். கெங் படித்தார். அவர் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது, பிறகு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது.

“லெய்! இதை ஏன்டா காலைலயே எங்கிட்ட சொல்லல?”

“நீங்க மீட்டிங்ல இருந்தீங்க சார்.”

“ரெண்டு கார் எடுத்தேன்டா! ரெண்டு!”

“அந்த நிதி அதிகாரி சம்சாரம் உங்ககிட்ட நேர்ல சொன்னாங்களா?” என்றாள் டெங் லி.

கெங் குரல் இறங்கியது. “நேர்ல இல்ல. பார்க்ல எனக்குக் காது குடையறவர் ஒருத்தர் இருக்காரு, பெங்னு. அவர் சொன்னாரு. ஆனா என்ன பக்குவமாச் சொன்னாருங்கறீங்க! ‘உள்ள இருக்கிற ஆள் சொன்னது, உங்க காதோட இருக்கட்டும்’னு சொல்றப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. இந்தப் பேச்சை முதல்ல பேசினவன் மட்டும் கைல கிடைச்சா…”

“உதைக்கணும் சார்” என்றான் லெய்.

“உதைக்கறதுக்கு முன்னாடி நம்ம விற்பனைப் பிரிவுல சேர்த்துக்கணும். உனக்கெல்லாம் அவன் பாடம் எடுக்கலாம்.” கெங் மேல்கோட்டை மாட்டிக்கொண்டார். “கேட்டுக்கோ லெய். என்னை முப்பது பேர் முன்னாடி நிக்க வெச்சுட்டே. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அவனைப் பிடிச்சுக் குடுத்தா உனக்கு வருஷக்கடைசி போனஸ் உண்டு. இல்லேன்னா அதையும் மறந்துடு, திங்கட்கிழமையிலேர்ந்து இந்த நாற்காலியையும் மறந்துடு.”

காருக்காகப் போனது போதாதென்று இப்போது வேலையும் தொங்கியது. வேலியில் போகிற ஓணானை நானே எடுத்து மடியில் விட்டுக்கொண்டேனே என்று நொந்தபடி லெய் காரை எடுத்தான். முன் இருக்கையில் கெங். அவர் கோபத்தில் அசையும்போதெல்லாம் பிரிக்காத பாலித்தீன் உறை கிறீச் கிறீச்சென்று அவரைப் பழித்தது.

“இதை ஏன்டா இன்னும் கிழிக்கல?”

“புதுசா இருக்கட்டும்னு சார்.”

“புதுசாம் புதுசு! பழைய விலைக்குப் புதுசு!” என்று அதைப் பிய்த்து ஜன்னல் வழியாக எறிந்தார்.

பூங்காவின் தேநீர்த் தோட்டத்தில் மூங்கில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. மூலையில் காது குடையும் பெங் ஒரு கனத்த மனிதரின் காதுக்குள் நீளக் கம்பியைச் செலுத்திக்கொண்டிருந்தார். “அதோ அவன்தான்!” என்று கெங் காட்ட, முப்பது பேரும் ஓடினார்கள்.

“கிட்ட வராதீங்க! கம்பி உள்ள இருக்கு!” என்று பதறினார் பெங்.

எல்லோரும் அப்படியே நின்றார்கள். நாற்காலியிலிருந்த கனத்த மனிதர் கண்களை மட்டும் உருட்டினார். தலையை அசைக்க அவருக்குத் துணிவில்லை.

“சத்தம் போடாதீங்க. திடுக்கிட்டா காது போயிடும்” என்றார் பெங்.

ஆகவே முப்பது பேரும் கோபத்தைக் கிசுகிசுப்பில் காட்ட வேண்டியதாயிற்று. டெங் லி விசிலைக் கடித்துக்கொண்டாள். லெய் மைக்கை அணைத்துவிட்டு, பல்லுக்கு நடுவே காற்றாகத் திட்டினான்: “ஏய்யா… கார் விலை ஏறும்னு… யார்யா உங்கிட்ட சொன்னது?”

“ஓ, அதுவா! நிஜமான சேதிதான் தம்பி. கார் தொழிற்சாலைல பெரிய இன்ஜினியர் ஒருத்தர் சொன்னது.”

“நிதி அதிகாரி சம்சாரம்னு சொன்னியே!” என்று கெங் கிசுகிசுப்பில் கர்ஜித்தார்.

“உங்களுக்கு அப்படிச் சொன்னேனா? நீங்க பெரிய பதவில இருக்கிறவரு, இன்ஜினியர்னா மதிப்பீங்களோ மாட்டீங்களோன்னு கொஞ்சம் தூக்கிச் சொல்லியிருப்பேன். இந்த மாதிரி ரகசியம் ரெண்டு சொன்னாத்தான் வர்றவங்க இன்னொரு காதையும் காட்டறாங்க. வந்த எல்லாருக்கும் சொன்னேன். எல்லாருக்கும் ரகசியமாத்தான் சொன்னேன்.”

நாற்காலியிலிருந்த கனத்த மனிதர் அசையாமல் வாயை மட்டும் திறந்தார். “பெங்… விலை ஏறலையா?”

“இறங்கிடுச்சாம் சார்.”

“கம்பியை எடு.”

“இன்னும் பாதி அழுக்கு…”

“கம்பியை எடுடா!” என்று அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது, தேநீர்க் கோப்பை உருண்டது. “உன் பேச்சைக் கேட்டு என் கடையை அடகு வெச்சு வாங்கினேன்டா பாவி!” ஒரு காது சுத்தமாகவும் ஒரு காது பாதியுமாக அவரும் கூட்டத்தில் சேர்ந்தார். சேர்ந்ததோடு இல்லை, பெங்கின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு மாஜோங் கடை தியான் அக்காதான் சொன்னாங்க! காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால, மாடில! என்னை விடுங்க!” என்று அலறினார் பெங். ஆனால் யாரும் விடவில்லை. அவரையும் வழிகாட்டியாகக் காரில் ஏற்றினார்கள்.

வழியில் லெய்யின் கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. ஜிங்வென் அனுப்பிய முகவரி. அவன் திறக்கவில்லை. மாமியாரைக் கூட்டிப்போகிற நேரமா இது? அந்த அம்மாளுக்குச் சேதி போவதற்குள் குற்றவாளியைப் பிடித்து, எழுதி வாங்கி, பணத்தை மீட்டு, ஒன்றும் நடக்காததுபோல விருந்தில் உட்கார வேண்டும். போனஸ் வேண்டும். நாற்காலி வேண்டும். அவன் வண்டியை முடுக்கினான்.

மாஜோங் கடை மாடிப்படி குறுகலானது. கடைக்காரி தியான் படி முனையிலேயே மறித்தாள், இடுப்பில் கை வைத்து. “என்ன இது, ரெய்டா? இங்க காசு வெச்சு யாரும் ஆடறதில்லையே!”

உள்ளே எல்லா மேசைகளிலும் சட்டென்று காசுகள் மறைந்தன. மாஜோங் காய்கள் உருளும் சத்தமும் நின்றது.

“ரெய்டு இல்லக்கா. கார் விலை ஏறும்னு இவர்கிட்ட சொன்னது நீங்களா?” என்றாள் டெங் லி.

“ஆமா, சொன்னேன். இன்ஜினியர்னெல்லாம் நான் சொல்லல, அது பெங்கோட சரக்கு. எனக்குச் சொன்னது நம்ம கடைக்கு வர்ற ஒரு அம்மா. அவங்க மருமகனுக்கு உள்ள ஆள் பழக்கமாம். பெரிய புள்ளியாம். தினமும் அவங்க வாய்ல மருமகன் புகழ்தான். ‘என் மாப்பிள்ளை வாய்லேர்ந்து வந்தா அது தங்கம்’னு சொல்வாங்க. அவங்க சொல்லிச் சொல்லி இந்த ரூம்ல மட்டும் ஆறு குடும்பம் வாங்கியிருக்கு.”

லெய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கெட்ட மாமியார், கேடுகெட்ட மருமகன்! கெழவி எங்க உக்காந்திருக்கு?”

“மரியாதையாப் பேசு தம்பி. அதோ, ஜன்னல் பக்கம், ஊதாத் தொப்பி.”

ஜன்னலோர மேசையில் ஊதா நிறக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கூட்டம் அறைக்குள் நிரம்பியது. “பேசுங்க அண்ணே!” என்று பின்னாலிருந்து தள்ளினார்கள். “விடாதே லெய்!” என்றார் கெங். லெய் மைக்கின் பொத்தானை அழுத்தி அதை உயர்த்தினான். மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தான்.

அப்போது அந்த ஊதாத் தொப்பி இருமியது.

முதலில் இரண்டு குட்டை இருமல், பிறகு நீளமாக ஒன்று, கடைசியில் ஒரு செருமல். எட்டு குளிர்காலமாகப் பக்கத்து அறையிலிருந்து அவனைத் தூங்கவிடாத இருமல். லெய் மைக்கை அணைத்து இறக்கினான். இழுத்த மூச்சை எங்கே விடுவதென்று தெரியவில்லை.

“வேண்டாம்… வயசானவங்க. விட்டுடுவோம்” என்றான். “எல்லாருக்கும் பசிக்கும். கீழ நூடுல்ஸ் கடை இருக்கு, நான் வாங்கித் தரேன்.”

“நூடுல்ஸா? என் கடை அடகுல இருக்கு, நூடுல்ஸாம்!” என்றார் அரைக்காது மனிதர்.

“போனஸ், லெய். போனஸ்!” என்றார் கெங்.

லெய் நழுவி நழுவி கெங்கின் அகல முதுகுக்குப் பின்னால் போய் நின்றான். டெங் லி அவனுக்காகக் காத்திருக்கவில்லை. தானே மேசைக்குப் போய், “அம்மா, ஒரு நிமிஷம்” என்றாள்.

சௌ அம்மாள் திரும்பினாள். அறை முழுக்கப் புது முகங்கள். எல்லோரும் அவளையே பார்க்கிறார்கள்.

“கார் விலை ஏறப்போகுதுன்னு நீங்க சொன்னீங்களாமே. அதைக் கேட்டுத்தான் நாங்க எல்லாரும் வாங்கினோம்” என்றாள் டெங் லி, பல்லைக் கடித்துக்கொண்டு.

“இத்தனை பேருமா!” சௌ அம்மாளின் முகம் விளக்குப் போட்டாற்போல மலர்ந்தது. “பாருடி தியான், என் ஒரு சொல்லுக்கு எத்தனை பேரு பிழைச்சிருக்காங்க! அதுக்கென்னம்மா, இதைச் சொல்லவா மாடியேறி வந்தீங்க? உக்காருங்க, டீ குடிங்க.”

“உங்களுக்கு அதை யார் சொன்னாங்க?”

“வேற யாரு, என் மாப்பிள்ளைதான். அக்டோபர்ல, வீட்ல எல்லாரும் சட்டியைச் சுத்தி உக்காந்து சாப்பிடறப்ப. என் கிட்ட சாய்ஞ்சு, மெதுவா, ‘அத்தை, விலை ஏறுது, உள்ள இருக்கிற ஆள் சொன்னது, உங்க காதோட இருக்கட்டும்’னாரு. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, அவர் பேச்சை நான் ஒரு நாளும் நம்பினதில்ல. கண்ணுல தண்ணி நிக்கச் சொன்னாரேன்னு அது ஒண்ணை மட்டும் நம்பி, ஹைனானுக்கு வெச்சிருந்த பணத்தை எடுத்துக் குடுத்தேன்.”

அந்தத் தண்ணீர் மிளகாய்க் காரத்தில் வந்தது என்று லெய்க்கு நினைவு வந்தது. கூடவே மிச்சம் எல்லாமும் வந்தது. மைக்கை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அவசரத்தில் கட்டைவிரல் பொத்தானில் பட்டு, அது அறையே அதிரும்படி ‘கீய்ங்’ என்று கத்தியது.

“எங்கம்மா அந்த ஆளு? இப்பவே எங்களுக்கு அவரைப் பார்க்கணும்” என்றாள் டெங் லி. அவளுக்குப் பின்னால் முப்பது பேரும் கையை முறுக்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார்கள்.

“எங்கயும் தேட வேண்டாம். அதோ, மைக்கை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவருதான்” என்றாள் சௌ அம்மாள் பெருமையாக. “கிட்டப் போய் நாலு வார்த்தை நல்லாச் சொல்லுங்கம்மா, நன்றி சொன்னா அவருக்குக் கூச்சம்!”